மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தடியில் உதவிய அண்ணனுக்கு நன்றி

கீச்சிட்டு அதிர்ந்த எங்கட பழைய கொரோலா காரை நிறுத்தி, பொனட்டைத் திறந்து பார்த்த அண்ணனுக்கு மனம் நிறைந்த நன்றி. பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

சத்தம் கேட்டதும் எஞ்சினின் கப்பிகளைச் சுற்றி ஓடும் பெல்ட்டை மாற்றச் சொல்பவர்கள்தான் அதிகம். அவரோ எஞ்சின் ஓட ஓட, விலகி நின்று பெல்ட்டின் வரிப்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. அடங்கித் திரும்பவும் வந்தால் ஏதோ ஒரு கப்பி சரிந்திருக்கிறது. இதில் அடங்கி, திரும்ப வந்தது. எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு கப்பியாகக் கையால் சுழற்றினார். பெல்ட்டைத் தாங்கி வழிநடத்தும் ஐட்லர் கப்பி கரகரத்து, இலேசாக ஆடியது. பெல்ட் நல்லாத்தான் இருந்தது, அந்தக் கப்பிக்குள் குண்டுகளில் சுழலும் பெயரிங்தான் தேய்ந்திருந்தது.

பெயரிங் இலக்கம் 6203: உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மி.மீ. இரண்டு பக்கமும் ரப்பர் மூடியுள்ளதை வாங்கச் சொன்னார். கடற்கரை மணல் உள்ளே போகாது. ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டும் நட்டுக் கழற்றும் சொக்கெட்டை வைத்துத் தட்டினார். உள்வளையத்தில் அடித்தால் குண்டுகள் தடம் பதித்து, புதிய பெயரிங்கும் கரகரக்கும். உப்புக்காற்றில் துருவேறிய கப்பி வரிகளைக் கம்பிப் பிரஷால் தேய்த்தார். பெல்ட்டின் நீண்ட பகுதியைப் பெருவிரலால் அழுத்த, 10 மி.மீ. அளவு இறங்கும்படி இறுக்கினார். மிஞ்சி இறுக்கினால் பற்றரிக்கு மின்னேற்றும் ஓல்டர்னேட்டரின் பெயரிங் போய்விடும். பெல்ட்டில் சவர்க்காரமும் கிறீஸும் பூசவே கூடாதாம்.

காசு வாங்கவில்லை. களுவாஞ்சிக்குடிப் பக்கம் போவதாகச் சொன்னார். தெரிந்தவர்கள் இதை அவருக்குக் காட்டுங்கள்.