நாள் எப்போது தொடங்குகிறது என்று சொல்லாமல் விற்ற இ-சிம்: ஒரு புகார்

அனுப்புநர்:
தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வெளிநாட்டுப் பயண இ-சிம் விற்பனைப் பிரிவு.

பொருள்: 'ஆசியா அன்லிமிடெட், 10 நாள்' இ-சிம் (அட்டை இல்லாமல் போனிலேயே இறக்கிக்கொள்ளும் சிம்) திட்டத்தின் விவரங்களை மறைத்து விற்றது, பணத்தைத் திருப்பித் தர மறுத்தது.

ஐயா / அம்மையீர்,

தங்கள் செயலியின் உரையாடல் பெட்டியில் இதே புகாரை முன்பே எழுதினேன். "தங்கள் பொறுமைக்கு நன்றி" என்று பதில் வந்தது. பிறகு, "திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர் தாங்களே, இ-சிம் நிறுவப்பட்டுவிட்டதால் பணம் திரும்பக் கிடைக்காது" என்று இன்னொரு பதில் வந்தது. இரண்டாவது பதிலுக்காகத்தான் இந்தக் கடிதம். நான் தேர்ந்தெடுத்தேன் என்பது உண்மையா என்று பார்ப்போம்.

என் மனைவி, என் அக்கா ஆகியோருடன் சிங்கப்பூருக்கும் அங்கிருந்து தரை வழியாக மலேசியாவுக்கும் போவதாகத் திட்டம். தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து வெளிநாட்டுக்கு விமானம் கிடையாது என்பதால், எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரையும் போல நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போய் ஏறினோம். பயணத்துக்கு முன்பு தங்கள் செயலியைத் திறந்தபோது, "உங்களுக்கு ஏற்ற திட்டம் எது?" என்று அதுவே கேட்டது. எந்தெந்த நாடுகள், எத்தனை நாட்கள், வீடியோ அழைப்பு உண்டா, இன்னொரு போனுக்கும் பகிர வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. மனைவியின் போன் பழையது, அதில் இ-சிம் வசதி கிடையாது. எனவே பகிர வேண்டும் என்று குறித்தேன். பதில்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, 'உங்களுக்கு மிகச் சிறந்தது' என்ற பச்சைப் பட்டையோடு இந்தத் திட்டத்தை உங்கள் செயலிதான் முன்னால் வைத்தது. அதே பக்கத்தின் அடியில், சாம்பல் நிறச் சிற்றெழுத்தில், அதே இரண்டு நாடுகளுக்கும் மொத்தமாக 10 ஜிபி தரும் வேறொரு திட்டம் இருந்தது. அதன் விலையும் குறைவு. அது ஏன் எனக்குச் சிறந்ததாகவில்லை என்பதற்கு அங்கே ஒரு வரி விளக்கமும் இல்லை. பக்கத்தின் படத்தை இணைத்திருக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

சிங்கப்பூரில் விடியற்காலையில் இறங்கினோம். ஆறு மணி வாக்கில் போனில் ரோமிங்கை (வெளிநாட்டு நெட்வொர்க்கில் இணையும் வசதியை) இயக்கினேன். இணைப்பு உடனே கிடைத்தது. காலை எட்டு மணிக்கு, நாங்கள் விடுதிக்குப் போய்ப் பெட்டிகளை இறக்குவதற்குள், "உங்கள் முதல் நாள் முடிந்தது" என்று அறிவிப்பு வந்தது. இரண்டு மணி நேரத்தில் ஒரு நாள்! ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். கோளாறு இல்லை. தங்கள் நாள், சிங்கப்பூர் நள்ளிரவில் மாறுவதில்லை, நான் இணைந்த நேரத்திலிருந்து இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுவதில்லை. உலகப் பொது நேரப்படி, அதாவது லண்டன் கிரீன்விச்சின் நள்ளிரவில் மாறுகிறது. சிங்கப்பூரும் மலேசியாவும் அதைவிட எட்டு மணி நேரம் முன்னால் இருப்பவை. ஆகவே அங்கே தங்கள் நாள் தினமும் காலை எட்டு மணிக்குப் பிறக்கிறது. பத்து நாளுக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஒன்பது நாளும் இரண்டு மணி நேரமும் தந்திருக்கிறீர்கள்.

இந்த விவரம் விற்பனைப் பக்கத்தில் இல்லை. நிபந்தனைகள் என்ற இணைப்பைத் தொட்டு, அதற்குள் இன்னொரு இணைப்பைத் தொட்டு, நீண்ட பக்கத்தின் கடைசிக்கு உருட்டினால் ஒரே ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. ஊர் திரும்பிய பிறகு சாவகாசமாக உட்கார்ந்து தேடித்தான் கண்டுபிடித்தேன்.

நான் 2020 ஜனவரியில் விருப்ப ஓய்வில் வெளியே வந்தவன். அதற்கு முன்பு ஒரு காலத்தில், திருநெல்வேலி ஜங்ஷனிலும் மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் எஸ்.டி.டி. (வெளியூர் அழைப்பு) பூத்துகளைச் சோதிக்கப் போவது என் வேலையின் ஒரு பகுதி. அந்தக் கண்ணாடிக் கூண்டில் பேசுபவரின் கண்ணெதிரே கட்டணத்தைக் காட்டும் சிவப்பு எண்கள் ஓடும். இரவில் எத்தனை மணிக்குக் கட்டணம் பாதியாகும், எத்தனை மணிக்குக் கால்பங்காகும் என்று கண்ணாடியில் ஒட்டியிருக்கும். மகன் சென்னையில் இருக்கும் தாய்மார்கள் அந்த மணிக்காகவே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் காத்திருப்பார்கள். அந்தக் கடிகாரம் எங்கள் ஊர் நேரத்தைக் காட்டியது. அரசுத் துறை மெத்தனம் என்று எங்களை ஏசாதவர்கள் இல்லை. ஆனாலும் லண்டன் நேரத்துக்குக் கட்டணம் மாறும் என்று ஏர்வாடிக்காரரிடம் நாங்கள் சொன்னதில்லை.

நாள் எட்டு மணிக்குப் பிறப்பதால் வந்த அடுத்த தொல்லையைக் கேளுங்கள். 'அன்லிமிடெட்' என்ற பெயருக்குள் ஒரு வரம்பு ஒளிந்திருக்கிறது. நாளொன்றுக்கு 1 ஜிபி வரைதான் முழு வேகம். அதற்கு மேல் 128 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 128 கிலோபிட். விற்பனைப் பக்கத்தில் "நியாயமான பயன்பாட்டுக்கு உட்பட்டது" என்பதோடு நிறுத்திக்கொண்டீர்கள். எத்தனை ஜிபிக்குப் பிறகு, எந்த வேகத்துக்கு என்ற இரண்டு எண்களையும் போடவில்லை. அந்த வேகத்தில் 1 எம்பி இறங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். போனில் எடுத்த சாதாரணப் புகைப்படம் ஒன்று 3 எம்பி என்றால், அதை வாட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்ப மூன்று நிமிடம். காலையில் வழி பார்த்து, கல்லிடைக்குறிச்சி அப்பளம் வந்து சேர்ந்ததா என்று அக்காவின் மகளோடு வீடியோவில் பேசி, நாலு இடத்தைத் தேடினால் மாலைக்குள் 1 ஜிபி கரைந்துவிடும். பிறகு மறுநாள் காலை எட்டு மணி வரை ஆமை வேகம். இருட்டிய பிறகு தெரியாத ஊரில் வழி தேடுகிறவனுக்குத்தான் இணைப்பு மிகவும் தேவை. அந்த நேரத்தில்தான் தங்கள் சேவை படுத்துக்கொண்டது.

ஒன்றை நினைவுபடுத்துகிறேன். இந்திய அரசின் 2004 பிராட்பேண்ட் கொள்கை, 256 கேபிபிஎஸ்சுக்குக் குறைந்ததை பிராட்பேண்ட் என்று சொல்லக் கூடாது என்றது. 2023-இல் அந்த வரம்பு 2 எம்பிபிஎஸ்சாக (சுமார் 2,000 கேபிபிஎஸ்) உயர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் வீட்டுக்கு வீடு கம்பி இழுத்துக் கொடுத்த வேகத்தில் பாதியை இன்று வரம்பற்ற சேவை என்று விற்கிறீர்கள்.

ஹாட்ஸ்பாட், அதாவது இணைப்பை இன்னொரு போனுக்குப் பகிரும் கதை சிறியது. பகிர வேண்டும் என்று நான் குறித்திருந்தேன். பகிரலாம் என்ற குறி விற்பனைப் பக்கத்திலும் இருந்தது. நாளுக்கு 500 எம்பி வரைதான் பகிர முடியும் என்பது மறுபடியும் அந்த நிபந்தனைப் பக்கத்தில்தான். மனைவியின் போன் பெரும்பாலான நேரம் கடிகாரமாகத்தான் பயன்பட்டது.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். எல்லை தாண்டி ஜொகூர் பாருவில் நுழைந்ததும் போன் தானாகவே மலேசிய நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சிக்னலுக்குக் குறையே இல்லை. சிக்னல் இருந்தும் பேச்சு ஏன் இழுத்து இழுத்து வந்தது என்று பார்த்தபோதுதான், என் இணைப்பு போலந்து நாட்டு இணைய முகவரியோடு வெளியே போவது தெரிந்தது. ரோமிங் டேட்டா, சிம் வழங்கிய நெட்வொர்க்கின் மையத்துக்குப் போய்த்தான் இணையத்தைத் தொடும் என்பது எனக்குத் தெரியும். அதில் மோசடி எதுவும் இல்லை. ஆனால் சிங்கப்பூரில் இருப்பவர் பாளையங்கோட்டையோடு பேசுவது ஐரோப்பாவைச் சுற்றித்தான் வரும் என்றால், வீடியோ அழைப்பு வேண்டும் என்று குறித்தவரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டாமா? உள்ளூரிலேயே இணையத்தைத் தொடும் திட்டங்களை விற்பவர்களும் இருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு வாய்ப்புக் கொடுக்கவில்லை.

கடைசி நாள் காலையில் நடந்ததையும் பதிவு செய்கிறேன். மாலையில்தான் விமானம். அதற்குள் கோலாலம்பூர் அருகே பத்துமலை முருகனைப் பார்த்துவிடலாம் என்று, மனைவியையும் அக்காவையும் உறவினர் காரில் முன்னால் அனுப்பிவிட்டு, நான் வாடகைக் கார் செயலி மூலம் ஒரு காரை அழைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். கார் வந்துகொண்டிருப்பதைத் திரை காட்டிக்கொண்டிருந்தது. எட்டு மணி ஆனது. திரை அப்படியே நின்றது. வண்டி எண்ணும் தெரியவில்லை, ஓட்டுநரிடம் பேசவும் வழியில்லை. இந்திய சிம்மில் ரோமிங் கட்டணம் கொடுத்து உறவினரை அழைத்து, அவர் திரும்பி வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார். அந்த அழைப்புக்கான கட்டண விவரமும் இணைப்பில் உண்டு. முந்தைய நாள் இரவே "நாளை காலை உள்ளூர் நேரம் 8 மணிக்கு முடிகிறது" என்று ஒரு வரி அனுப்பியிருக்கலாம். முடிந்த மறு நொடியே, கூடுதல் நாள் வாங்கச் சொல்லி அறிவிப்பு அனுப்ப மட்டும் தெரிந்திருக்கிறது.

பயணத்தின் நடுவே வேகக் குறைவு பற்றிக் கேட்டபோது தங்கள் உதவிப் பிரிவு தந்த இரண்டு ஆலோசனைகளைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். இ-சிம்மை அழித்துவிட்டு அதே கியூஆர் கோடை மறுபடி ஸ்கேன் செய்யச் சொன்னார்கள். பயண இ-சிம்களில் பெரும்பாலானவற்றின் கோடு ஒரே முறைதான் இறங்கும். அழித்தால் போனது போனதுதான். தங்கள் கோடும் அப்படித்தான் என்று வாங்கியபோது வந்த மின்னஞ்சலே சொல்கிறது. அடுத்து, இந்திய சிம்மை முழுவதுமாக அணைத்துவைக்கச் சொன்னார்கள். தங்கள் இ-சிம்மில் டேட்டா மட்டும்தான். தொலைபேசி எண் கிடையாது. வங்கியிலிருந்து வரும் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வர வேண்டும். அதை அணைத்துவிட்டு, அயல்நாட்டில் அட்டையைத் தேய்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா? இந்திய சிம்மில் டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்திவிட்டு, குறுஞ்செய்திக்காக அதை உயிரோடு வைத்திருங்கள் என்பதுதான் சரியான ஆலோசனை. துறையில் இருந்தவன் என்பதால் இரண்டையும் நான் செய்யவில்லை. கடையநல்லூரிலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ முதன்முறையாக மகனைப் பார்க்கப் போகும் ஒரு தாய் செய்திருப்பார்.

இனி, நான் தேர்ந்தெடுத்தேன் என்ற தங்கள் பதிலுக்கு வருகிறேன். நாள் எந்த நேரத்தில் மாறும், முழு வேகம் எவ்வளவு டேட்டா வரை, அதன் பிறகு என்ன வேகம், எவ்வளவு பகிரலாம் என்ற நான்கும் தெரிந்திருந்தால் நான் நாள் கணக்குத் திட்டத்தைத் தொட்டே இருக்க மாட்டேன். அடியில் கிடந்த மொத்த 10 ஜிபி திட்டத்தை எடுத்திருப்பேன். அல்லது என் இந்திய நிறுவனத்தின் ரோமிங் பேக்கைப் போட்டிருப்பேன். அதுவும் வேண்டாம் என்றால், சிங்கப்பூர் விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளூர் சிம் வாங்கியிருப்பேன். தேர்ந்தெடுக்க வேண்டிய விவரத்தை ஒளித்துவைத்தவர்கள், தேர்ந்தெடுத்த பொறுப்பை மட்டும் என் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்? நிறுவிய பிறகு பணம் இல்லை என்ற விதியும் இப்படித்தான். நிறுவிப் பயன்படுத்தாமல் குறையைக் கண்டுபிடிக்க எனக்கு ஞானதிருஷ்டி கிடையாது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றே வரையறுக்கிறது. வாங்குபவரைத் திசைதிருப்பும் திரை அமைப்புகளைத் தடுக்க மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் பதின்மூன்று வகைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. ஒன்றைப் பச்சையில் உயர்த்தி மற்றொன்றைச் சாம்பலில் புதைக்கும் தங்கள் பக்கத்தை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு தங்கள் சட்டப் பிரிவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு கேள்வியும் உண்டு. வெளிநாட்டு நெட்வொர்க்குகளின் சிம்மை இந்தியாவில் விற்பதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். உரிய அனுமதி இல்லை என்று 2024 ஜனவரியில் இரண்டு இ-சிம் செயலிகள் இந்தியச் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டதைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். தங்கள் அனுமதி விவரம் செயலியில் எங்கும் என் கண்ணில் படவில்லை. பதிலில் அதைத் தெரிவிக்கவும்.

திட்டத்துக்கு நான் கட்டிய தொகையையும், கடைசி நாளில் எனக்கு ஏற்பட்ட ரோமிங் அழைப்புக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். தங்கள் செயலியில் பயன்படுத்தக்கூடிய கூப்பனாகத் தர முன்வர வேண்டாம். பணம் எந்த வங்கிக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்குப் போக வேண்டும். மேலே சொன்ன நான்கு விவரங்களையும், பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே, போகிற நாட்டின் உள்ளூர் நேரத்தில், விலை அச்சிட்ட அதே அளவு எழுத்தில் போட வேண்டும்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். தலைமையகம் வேறு நாட்டில் இருப்பது இதற்கு விலக்கு ஆகாது. ஒரு மாதம் கடந்தால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. எனக்குப் பஸ் செலவு மட்டும்தான்.

விற்பனைப் பக்கத்தின் படம், முதல் நாள் முடிந்ததாக வந்த அறிவிப்பு, வேகச் சோதனைப் படங்கள், உதவிப் பிரிவின் உரையாடல், ரசீதுகள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். இதே கடிதம் மின்னஞ்சலிலும் வருகிறது. பதிலைத் தானியங்கி உரையாடலில் அனுப்பாமல், பெயரும் பதவியும் உள்ள ஒருவரின் கையெழுத்தோடு அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை.