பெரிய கோயில் கைடு அண்ணன்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்களா வணக்கம். நான் தஞ்சாவூர்தான். சொந்தக்காரங்க யார் ஊருக்கு வந்தாலும் பெரிய கோயிலுக்குக் கூட்டிட்டுப் போற டியூட்டி நம்ம தலையிலதான் விழும், அதனால நீங்க கூட்டத்த நிறுத்தி வெச்சு சொல்றதெல்லாம் பக்கத்துல நின்னு நிறையவே கேட்டிருக்கேன். உங்க பொழப்புல மண்ணள்ளிப் போட வரல. அந்த நிழல் கதைய மட்டும் விட்டுடுங்க ப்ளீஸ்.

"கோபுர நிழல் தரையில விழாது"ன்னு சொல்றீங்க. மொதல்ல அது வாசல் கோபுரம் இல்ல, கருவறைக்கு மேல இருக்கற விமானம். அது போகட்டும். நீங்க இதச் சொல்ற சாயங்கால நேரத்துல ஜனங்க கால் சுடாம உட்கார எடம் தேடிப் போறதே அந்த விமானத்து நிழலுக்குத்தான்ணே! உச்சி வெயில்ல நிழல் காலடியிலயே ஒடுங்கிடும், மேல போகப் போக குறுகுற கட்டடம்னா இன்னும் ஒடுங்கும், அவ்ளோதான் விஷயம். உச்சியில இருக்கறது 80 டன் ஒத்தைக் கல்லுங்கறதும் அப்படித்தான், பல துண்டுகளா செதுக்கி இணைச்சதுன்னு ஆய்வாளர்கள் எப்பவோ சொல்லிட்டாங்க. நந்தி வளர்ந்துக்கிட்டே போச்சு, முதுகுல ஆணி அடிச்சு நிறுத்துனாங்கன்னு வேற. அந்த நந்தியே நாயக்கர் காலத்துது, ராஜராஜன் வெச்சது இல்ல.

இதெல்லாம் சொல்லாட்டி கூட்டம் கேக்காதுன்னு நெனைக்கிறீங்க போல. கீழ அதிட்டானத்துல, அதாவது விமானத்தோட அடிப்பீடத்துல இருக்கற கல்வெட்டுகிட்ட கூட்டிட்டுப் போய்ப் பாருங்களேன். "நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" கல்லுல வெட்டுங்கன்னு சொல்றான் கோயில் கட்டுன ராஜராஜன். தனக்கு அடுத்து அக்கா குந்தவை, அப்புறம்தான் பொண்டாட்டிமாரு! இதக் கேட்டு எங்க அத்தை சிரிச்ச சிரிப்பு இருக்கே, நிழல் கதைக்கெல்லாம் அப்படி சிரிக்கவே இல்ல. விமானத்து உச்சிக்குக் கலசம் கொடுத்தது ஆட்சியோட 25ஆம் வருஷம் 275ஆம் நாள்னு, 1010ல நடந்தத நாள் கணக்கோட எழுதி வெச்சிருக்காங்க. சோழ நாட்டுக் கோயில்கள்லேர்ந்து வரவழைச்ச 400 ஆடல் பெண்கள் பேரு, எந்த ஊரு, எந்தத் தெருவுல எத்தனையாவது வீடு, ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் (பழைய அளவு) நெல்லுன்னு அட்ரஸோட சம்பளப் பட்டியலே இருக்கு. வெளக்கு ஏத்தறவர், கணக்கர், துணி தைக்கறவர் வரைக்கும் விடல. கட்டுன பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பேரும் இருக்கு, அவருக்கு ராஜாவோட பேரையே பட்டமாவும் கொடுத்திருக்காங்க. கட்டுனவன் பேரு தெரியாதுன்னு ஒரு அண்ணன் மைக் வெச்சு சொல்லிட்டிருந்தாரு, வயிறெரிஞ்சு போச்சு.

எழுத்து பழசு, படிக்க வராதுன்னு சொல்லாதீங்க. ரெண்டு வரிய மனப்பாடம் பண்ணிக்கிட்டு எடத்தக் காட்டுனா போதும், ஸ்கூல் பசங்க அவங்களாவே எழுத்துக்கூட்டி 'ம', 'ன'ன்னு கண்டுபிடிக்க ஆரம்பிச்சிடுவாங்க.

இன்னொன்னு. கூட்டம் அந்தக் கல்வெட்டு மேலயே காலை வெச்சு ஏறி செல்ஃபி எடுக்குது, சிலர் கையில மிச்சமான விபூதி குங்குமத்த எழுத்துக் குழியில கொட்டிட்டுப் போறாங்க. செக்யூரிட்டி எல்லா மூலையிலயும் நிக்க முடியாது. நீங்க ஒரு அதட்டல் போட்டா கேப்பாங்க, கூட்டிட்டு வந்தவர் பேச்சுக்கு மரியாதை உண்டு.

பொங்கல் லீவுக்கு சென்னையிலேர்ந்து எங்க மாமா குடும்பம் வருது, வேன் நிறைய ஆளு. நிழல், ஆணி ரெண்டும் இல்லாம ஒரு சுத்து சுத்திக் காட்டற அண்ணன் யாராவது இருந்தா சொல்லுங்க, நீங்க கேக்கற ரேட்டுக்கு நான் பேரம் பேசல.

இப்படிக்கு,
மேல வீதிப் பக்கத்துல இருக்கற உங்க தம்பி