வினையாகாத பெயர்கள்: அகரமுதலி இயக்ககத்துக்கு ஒரு திறந்த மடல்

செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்குநர் அவர்களுக்கும், உடனிருந்து உழைக்கும் சொல்லாய்வாளர்களுக்கும் வணக்கம்.

1974இல் பாவாணரை முதல் இயக்குநராகக் கொண்டு தொடங்கிய தங்கள் பணியையும், இன்று சொற்குவைத் தளத்தில் சேர்ந்துவரும் சொற்களையும் மதிப்போடு பார்ப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கைப்பேசியிலும் இணையத்திலும் மக்கள் தாமே ஆக்கிக்கொள்ளும் சொற்களையும் தாங்கள் தொகுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

வாட்ஸப்புக்குப் ‘புலனம்’ என்றும் இன்ஸ்டாகிராமுக்குப் ‘படவரி’ என்றும் பெயரிடும் பட்டியல்கள் நம் குழுக்களில் அடிக்கடி சுற்றி வருகின்றன. அவற்றுக்குக் கட்டைவிரல் காட்டியவர்களே அடுத்த வரியில் ‘வாட்ஸப் பண்ணுங்க’ என்று எழுதுகிறார்கள். இதைப் பற்றின்மை என்று நான் கொள்ளவில்லை. அரட்டைக்கு முதலில் தேவைப்படுவது வினை. புலனத்திலிருந்து வினை பிறக்கவில்லை. ட்விட்டர் பதிவுக்கு வந்த ‘கீச்சு’ அப்படியன்று. அதிலிருந்து கீச்சினார், கீச்சர் என இயல்பாகக் கிளைகள் வந்ததால்தான் அது சில ஆண்டுகளாவது புழங்கியது (2023இல் அந்த நிறுவனம் பெயரை எக்ஸ் என்று மாற்றிப் பறவையையும் பறக்கவிட்ட பிறகு, நம் சொல் கூடில்லாமல் நிற்கிறது). ‘பகிர்’ அதைவிடப் பேறு பெற்றது. பழைய வினையே புதுப்பொருளையும் ஏற்றுக்கொண்டது. பிறமொழிச் சொல் வந்தாலும் அதை நம் இலக்கணமே ஆள்கிறது: பேச்சில் ‘லைக் பண்ணினேன்’, எழுத்தில் ‘லைக்கிட்டேன்’, இன்னும் துணிந்தவர்களுக்கு ‘ட்வீட்டினேன்’.

குறுஞ்செய்திக் காலத்துக்கு வேறொரு கதை உண்டு. ஒரு செய்தியில் ஆங்கில எழுத்தில் 160 குறிகள் அடங்கின. தமிழில் 70 மட்டுமே. அதிலும் ‘கொ’ என்னும் ஓரெழுத்து, ஒருங்குறியில் இரண்டு குறிகளாக எண்ணப்படும். பல கைப்பேசிகளில் தமிழ் எழுத்தே தெரியாத நிலையும் சேர்ந்துகொள்ள, மக்கள் ரோமன் எழுத்துக்குப் போய், உயிரெழுத்துகளை விழுங்கித் தமிழ்ச் சொற்களைச் சுருக்கினார்கள்.

தமிழ் எழுத்திலும் சுருக்கம் நடந்தது. தி.மு.க. தொண்டரைக் குறிக்கும் ‘உடன்பிறப்பு’, ‘உபி’ ஆகி, கேலியாகவும் உரிமையாகவும் ‘உபிக்கள்’ எனப் பன்மையும் பெற்றது. நீட்டுவதிலும் நாம் குறைந்தவர்கள் அல்லர். ‘செம்ம்ம’, ‘அவ்வ்வ்’ என்று இளைஞர்கள் எழுதும்போது முகம் சுளிப்பவர்கள், மெய்யெழுத்து நீண்டொலிக்கும் ஒற்றளபெடைக்கு நன்னூல் அனுமதிக்கும் மெய்களில் மகரமும் வகரமும் இருப்பதை நினைத்துப் பார்க்கலாம். இலக்கணம் படித்தா நீட்டுகிறார்கள்? இல்லை, அந்த மெய்கள் வாயில் நீளக்கூடியவை, அவ்வளவுதான்.

வடிவேலுவின் நகைச்சுவை ஒன்றிலிருந்து வந்து, வலைப்பதிவர்களிடையே அலுவலக வேலையைக் குறித்த ‘ஆணி’, தேடுபொறியைத் தெய்வமாக்கிய ‘கூகிளாண்டவர்’ போன்றவற்றை இன்றைய கல்லூரி மாணவர் பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். அவை வாழ்ந்த பதிவுகளும் ஒவ்வொன்றாக அழிந்து வருகின்றன. ஆகவே, இத்தகைய சொற்களை ஏற்கத்தக்கவை, தகாதவை என்று பிரிக்கும் முன், முதலில் காணப்பட்ட ஆண்டு, எடுத்துக்காட்டு வாக்கியம், வினைவடிவம் ஆகியவற்றோடு தனிப் பகுதியில் பதிவு செய்யுமாறும், இனித் தாங்கள் ஆக்கித் தரும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் அருகில் அதன் வினையையும் எழுதித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

பணிவன்புடன்,
பழைய வலைப்பதிவர் ஒருவர்