கடைசி மேசையை எடுக்காமல் வைத்திருந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை அரை மாரத்தானை, அதாவது 21.1 கிலோமீட்டரை, 3 மணி 11 நிமிடத்தில் முடித்தேன். ஓடிப் பழகியவர்களிடம் இந்த நேரத்தைச் சொன்னால், "ஓடினீங்களா, நடந்தீங்களா?" என்று கேட்பார்கள். இரண்டும்தான். நன்றாக ஓடுகிறவர்கள் இதே தூரத்தை ஒன்றரை மணி நேரத்தில் ஓடிவிட்டு, கொடுத்த பொங்கலைச் சாப்பிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்தும் முடித்திருப்பார்கள். நான் கோட்டைத் தாண்டியபோது பரிசளிப்பெல்லாம் முடிந்து, மைக் செட்டுக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஆனால் மெடல் மேசையை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அதன் பின்னால் ஒரு கல்லூரிப் பையன் நின்றிருந்தான். விடியற்காலை நாலு மணியிலிருந்து நிற்கிறானாம்.

முதல் ஆளாக வருகிறவருக்கு நல்ல காலும் நுரையீரலும் போதும். என்னைப் போல் கடைசியில் வருகிறவளுக்கு ஒரு ஊரே வேண்டியிருக்கிறது. அந்த ஊருக்குத்தான் இந்த நன்றி மடல்.

முதலில் வீட்டுக்காரர். சென்னை நங்கநல்லூரில் காலை நாலரை மணிக்குத் தெரு முழுக்க நாய்களின் ராஜ்யம். தனியாக ஓடிய மூன்றாம் நாளே இரண்டு நாய்கள் துரத்தி, ஒரு வீட்டுக் கேட்டில் ஏறி நின்றேன். மறுநாளிலிருந்து இவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லை எடுத்துக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு, பின்னாலேயே வர ஆரம்பித்தார். முன்னால் ஒரு பெண் மூச்சிரைக்க ஓட, பின்னால் ஒரு ஆள் குச்சியோடு வண்டியில் வந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பால் பாக்கெட் போடும் தம்பி ஒருநாள் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, "அக்கா, எதாவது பிரச்சனையா?" என்று கேட்டே விட்டார். அந்தத் தம்பிக்கும் நன்றி. அப்படிக் கேட்க ஒரு மனசு வேண்டும்.

மார்கழியில் எங்கள் தெருவில் ஓடுவது தனி வித்தை. ஒலிபெருக்கியில் திருப்பாவை, வாசலுக்கு வாசல் ஈரக்கோலம். மிதிக்காமல் ஓட வேண்டுமென்றால் பாதித் தூரம் தாண்டிக் குதித்துத்தான் போக வேண்டும். அதற்கே காலில் தெம்பு வந்தது என்பேன். ஆரம்பத்தில் முகம் சுளித்த மாமிகள், கொஞ்ச நாளில் கோலத்துக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு ஆள் ஓடுகிற அளவுக்கு இடம் விட்டுப் போட ஆரம்பித்தார்கள். இதை யாரும் என்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானாகத்தான் கவனித்தேன்.

மாமனாருக்கு முதலில் இது பிடிக்கவே இல்லை. "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?" என்பார். எனக்கு 44 வயது. என் மகள்தான் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போகிறபோக்கில் சொன்னாள்: "தாத்தா, ஒலிம்பிக்ல பொம்பளைங்களுக்கு மாரத்தானே 1984லதான் வெச்சாங்க. அம்மாக்கு அப்ப மூணு வயசு. அவங்களே லேட்டா ஆரம்பிச்சாங்க, அம்மாவும் லேட்டா ஆரம்பிக்கட்டும்." அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் நான் ஓடிவிட்டு வரும் நாட்களில் ஃபில்டர் டிக்காஷன் தயாராக இருக்கத் தொடங்கியது. அதை அவர் கையால்தான் போடுகிறார்.

எங்கள் பேட்டை ஓட்டக் குழுவின் கோச் சாருக்கு அடுத்தது. நான் முதலில் ஓடிய 5 கிலோமீட்டரில், விசில் ஊதியதும் எல்லோரோடும் சேர்ந்து தலைதெறிக்க ஓடி, ஒன்றரைக் கிலோமீட்டரில் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். "இனிமே நாலு நிமிஷம் ஓடுங்க, ஒரு நிமிஷம் நடங்க. நடக்கிறதைக் களைச்சப்புறம் இல்ல, முதல் அஞ்சு நிமிஷத்துலயே ஆரம்பிங்க," என்றார் சார். நடப்பது தோல்வி என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது பெரிய விடுதலை. ஜெஃப் கேலோவே என்ற அமெரிக்கர், 1972 ஒலிம்பிக்கில் ஓடியவர், அவர்தான் இந்த முறையைப் பரப்பினாராம். ஒலிம்பிக் ஆளே நடக்கச் சொல்லும்போது நங்கநல்லூர்க்காரிக்கு என்ன வெட்கம்?

முழங்கால் வலி வந்தபோது பார்த்த பிசியோதெரபிஸ்ட் மேடத்தையும் மறக்க முடியாது. முழங்காலுக்கு மருந்து எழுதித் தருவார் என்று போனால், என்னை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். இடுப்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. "வேலை செய்யாம இருக்கிறது இடுப்புத் தசை, அடி வாங்கறது முட்டி," என்று சிரித்தார். ரப்பர் பட்டையைக் காலில் மாட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கச் சொன்னார். ஆறு வாரம் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நண்டு நடை நடந்தேன். வலி போனது.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். போன வருஷம் ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டத்தில், 6ஆவது கிலோமீட்டர் தண்ணீர் மேசைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, மேசை விரிப்பும் காலி டம்ளர்களும்தான் இருந்தன. முன்னால் போனவர்கள் குடித்ததுபோக, தலையிலும் ஊற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை சீக்கிரம் காயாது, உடம்பு சூடும் இறங்காது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. எதிரே ஒரு டீக்கடை. கடைக்கார அண்ணன் என் முகத்தைப் பார்த்ததும் பாய்லரை விட்டுவிட்டு வந்தார். ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, சர்க்கரை ஒரு கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை போட்டு ஆற்றிக் கொடுத்தார். "வெறும் தண்ணிய மொண்டு மொண்டு குடிக்காதீங்க, வேர்வைல உப்பு போயிருக்கும்" என்றார். பிறகு விசாரித்தபோது டாக்டர்களும் அதையேதான் சொன்னார்கள். மணிக்கணக்காக வியர்த்துக்கொண்டே வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால், ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தில் கொண்டுபோய் விடுமாம். ஓடுகிறவளிடம் காசு ஏது? மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தபோது அண்ணன் வாங்கவில்லை. ஒரு டீ குடித்து, அதற்கு மட்டும் காசு வைத்துவிட்டு வந்தேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நேப்பியர் பாலத்தில் இருட்டோடு கிளம்பி, பெசன்ட் நகர் போய்த் திரும்பி வர வேண்டும். மூன்று மணி நேரத்தில் முடிக்கிற வேகத்தில், கொடியைப் பிடித்து எல்லோருக்கும் வழிகாட்டி ஓடிய பேசர் தம்பியோடு ஒட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது அடையாறு திரு.வி.க. பாலத்தின் ஏற்றத்தில் கொடி என்னைவிட்டு விலக ஆரம்பித்தது. அவர் திரும்பிப் பார்த்து, "அக்கா, கொடி போகட்டும். உங்க மூச்சைப் பாருங்க," என்று கத்தினார். அவருக்குப் பின்னால் பத்துப் பேர் நம்பி வருகிறார்கள், நிற்க முடியாது. அந்த ஒரு வரியைத்தான் அவரால் விட்டுவிட்டுப் போக முடிந்தது.

சாந்தோமில் எனக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை. சாலையைத் திறந்துவிடும் நேரம் நெருங்கிவிட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் பைக்கில் நின்ற ஒருவர், "ஒரு ஆளுக்காகவா சார் நிறுத்தி வெச்சிருக்கீங்க?" என்று சத்தம் போட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்திருக்கும், யாருக்காவது உடம்பு சரியில்லாமல்கூட இருந்திருக்கலாம். போக்குவரத்துக் காவலர் அவரைத் திட்டவில்லை. "நெஞ்சுல நம்பர் குத்தியிருக்காங்க பாருங்க. தாண்டட்டும்," என்றார். அந்தக் காவலருக்கு நன்றி. பைக்கில் நின்றவரிடம் என் மன்னிப்பு. அந்த இருபது மீட்டரை மட்டும் நிஜமாகவே ஓடித்தான் கடந்தேன்.

கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் வேனின் டிரைவர் அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. "ஏறிக்கறீங்களாம்மா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். வேண்டாம் என்றேன். அதற்கப்புறம் கேட்கவில்லை, ஹாரன் அடிக்கவில்லை, நெருங்கி வந்து விரட்டவும் இல்லை. கலங்கரை விளக்கத்தைத் தாண்டி மெரினாவில் நான் நடந்தபோதெல்லாம் வேன் சத்தமே கேட்கவில்லை. நின்றுவிட்டதோ என்று பார்த்தால், ஐம்பதடி தள்ளிப் பொறுமையாக உருண்டுகொண்டிருந்தது. அதற்கும் பின்னால் மாநகராட்சி அக்காக்கள், நாங்கள் வீசியெறிந்த காகிதக் கப்புகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். என்னைவிட அவர்கள் அன்று அதிகமாகக் குனிந்து நிமிர்ந்திருப்பார்கள், அவர்களுக்கு மெடல் கிடையாது. இனிமேல் என் கப்பைத் தொட்டியில்தான் போடுவேன்.

உழைப்பாளர் சிலை அருகே கைக்கடிகாரம் 21.1 காட்டிவிட்டது. முடிவுக் கோட்டைக் காணோம்! இன்னும் முந்நூறு மீட்டருக்கு மேல் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாதை அளக்கும் குழுவில் இருந்த பெரியவர் ஒருவரிடம் பிறகு சண்டைக்கே போனேன். அவர் நிதானமாக விளக்கினார். முறைப்படி அளக்கும்போது, சைக்கிளின் முன்சக்கரத்தில் எண்ணும் கருவியைப் பொருத்தி, வளைவுகளில் எவ்வளவு குறுக்கே போக முடியுமோ அவ்வளவு குறுக்கான வழியில் ஓட்டி அளப்பார்களாம். தூரம் குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியும் வைப்பார்களாம். "நீங்க ஒவ்வொரு தண்ணி மேசைக்கும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போயிருப்பீங்க, வளைவுல வெளிப்பக்கமா ஓடியிருப்பீங்க. போதாக்குறைக்கு ஜிபிஎஸ் வேற கொஞ்சம் அலையும்," என்றார். ஆக, நான் கூடுதலாக ஓடியிருக்கிறேன். மூன்று மணிக்கு மேலே போன பதினொரு நிமிடத்தில் அந்த முந்நூறு மீட்டருக்கான மூன்று நிமிடத்தை மட்டும் என் கணக்கில் எழுத மாட்டேன். சார், கத்தியதற்கு மன்னிக்கவும்.

மெடல் மேசைப் பையனுக்கு மறுபடியும். கழுத்தில் மாட்டிவிட்டு, "ஆன்ட்டி, பொங்கல் தீர்ந்துடுச்சு. உங்களுக்குன்னு ரெண்டு வாழைப்பழம் எடுத்து வெச்சேன்," என்றாயே தம்பி. எனக்கென்று எப்படி எடுத்து வைத்தாய் என்று கேட்டதற்கு, "வேன் டிரைவர் ஃபோன் பண்ணி, ஒருத்தங்க வந்துட்டிருக்காங்கன்னு சொன்னாரு," என்றாய். ஒன்றை அங்கேயே சாப்பிட்டேன். இன்னொன்றை மாமனார் வாங்கிக்கொண்டார்.

இன்னும் ஒருவர் பாக்கி. எட்டாவது கிலோமீட்டரில், சட்டை உரசிக் கை இடுக்கில் எரிய ஆரம்பித்து நான் கையை அகற்றி அகற்றி ஓடியதைப் பார்த்து, ஓடிக்கொண்டே இடுப்புப் பையிலிருந்து ஒரு குட்டி வேஸ்லின் டப்பாவை எடுத்துக் கொடுத்த அக்கா. நீல டீ-ஷர்ட், நரைத்த பின்னல், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். "வெச்சுக்கோ, அப்புறம் குடு," என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டீர்கள். முடித்தபின் தேடினேன், கிடைக்கவில்லை. டப்பாவில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. அடுத்த ஓட்டத்துக்கும் கொண்டுவருகிறேன். பின்வரிசையில்தான் நிற்பேன்.

அன்புடன்,
நங்கநல்லூரிலிருந்து ஒரு மெதுவான ஓட்டக்காரி