முதல் ராத்திரி டியூட்டி

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறார் இல்லங்களில் 20 வருடத்துக்கு மேல் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது தக்கலைப் பக்கம் குடியிருக்கிறேன். குற்றம் செய்ததாகப் பிடிபட்ட சிறுவர்களை விசாரணை முடியும்வரை வைத்திருக்கிற கூர்நோக்கு இல்லங்களில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஆன்லைனில் பயிற்சி கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு வெளிமாவட்டத்தில் ஒரு சிறார் இல்லத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. அப்பா ரப்பர் பால் வெட்டப் போகிறவர், அம்மா அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை பார்க்கிறார். மாதச் சம்பளத்தில் ஒரு வேலை என்று வீடே சந்தோஷப்பட்டது. சேருவதற்கு முன்னால் ஆன்லைன் வகுப்பு ஒன்றை முடித்துச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்றார்களாம். அவன் போனில் நெட் சரியாக எடுக்காது. அதனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் மூன்று நாளும் பார்த்தான். நானும் கூடவே உட்கார்ந்து பார்த்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தை அதில் தெளிவாகச் சொல்கிறார்கள். 18 வயது நிறையாத பிள்ளையைப் பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் சிறார் வழக்குகளை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். போலீஸ் லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கக் கூடாது. ஒழுங்குபடுத்துகிறேன் என்று பணியாளர் கைநீட்டினால் 82-ஆவது பிரிவின்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், வேலையும் போய்விடும். கொடுமைப்படுத்தினால் 75-ஆவது பிரிவில் 5 வருடம் வரை கடுங்காவல். நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் அப்போதிருந்த சட்டத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவிக்கொத்தையும் ரிஜிஸ்டரையும் கையில் தந்து, "எண்ணிக்கை சரியா இருக்கணும்" என்றார்கள், அவ்வளவுதான். எங்கள் மாவட்டத்துக் குலசேகரத்திலும் அருமனையிலும் இருந்து இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் சென்னைக்குப் போய்த் தங்கிப் படிப்பது லேசான காரியமில்லை. அந்த வகையில் வகுப்பு போனுக்கே வருவது பெரிய உதவி.

ஆனால் திரையில் வந்த எழுத்தெல்லாம் ஆங்கிலம். பாதியை நான்தான் தமிழில் சொல்லிக் கொடுத்தேன். கடைசியில் 20 கேள்விகள், நான்கு விடையில் சரியானதைத் தொட வேண்டும். பையன் கெட்டிக்காரன், 18 சரி. சான்றிதழும் உடனே வந்துவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், ராத்திரி 11 மணிக்கு அவனிடமிருந்து போன். "மாமா, இன்னைக்குப் புதுசா ஒரு பையன் வந்திருக்கான். சோறு தொடல. சுவரப் பாத்தே இருக்கான், கூப்பிட்டாலும் திரும்பல. நான் என்ன செய்ய?" குரல் நடுங்கியது. சூப்பிரண்டுக்கு உடனே தகவல் சொல், பக்கத்தில் போய்த் தரையில் உட்கார், கேள்வி ஒன்றும் கேட்காதே, விடிகிறவரை அவன்மேல் கண் வைத்திரு என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் கேட்டேன், கூட யார் இருக்கிறார்கள் என்று. யாருமில்லை. முப்பதுக்கு மேல் பிள்ளைகள், இவன் ஒருவன். அந்த ஒரு பையனைப் பார்ப்பானா, மற்றவர்களைப் பார்ப்பானா?

எனக்கும் இப்படி ஒரு ராத்திரி உண்டு. சேர்ந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. கடற்கரைப் பக்கத்துப் பையன் ஒருவனைச் சாயங்காலம் கொண்டுவந்து விட்டார்கள். உள்ளே விடுவதற்கு முன் கயிறு, நாடா எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. பிள்ளைகள் தங்களையே ஏதாவது செய்துகொள்ளக் கூடாது என்பதற்கான விதி அது, சரியான விதிதான். இடுப்பில் ஒரு கறுப்பு அரைஞாண் இருந்தது. நான் கத்தரியால் வெட்டி எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். பையன் கத்திய கத்தலில் மொத்த இல்லமும் எழுந்துவிட்டது. "எனக்க அம்மை கெட்டினது, எனக்க அம்மை கெட்டினது" என்று தலையைச் சுவரில் முட்டினான். அந்த அம்மா உயிரோடு இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். நானும் குமரிக்காரன், அவன் பேச்சு எனக்குப் புரிந்தது, அவனை என்ன செய்வது என்றுதான் புரியவில்லை.

சமையலறையிலிருந்து பெரியவர் ஒருவர் ஓடி வந்தார். அங்கே ரொம்ப வருடமாக இருந்தவர். பையனின் தலைக்கும் சுவருக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தார். பையன் முட்டிக்கொண்டே இருந்தான், கையை அவர் எடுக்கவே இல்லை. கொஞ்சம் அடங்கியதும் குப்பைக் கூடையிலிருந்து அந்தக் கயிற்றைத் தேடி எடுத்துத் துடைத்தார். ஒரு கவரில் போட்டு, "உன் பேரை நீயே எழுது மக்ளே" என்று பேனாவைக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, ரிஜிஸ்டரில் பதிந்து பீரோவில் வைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு என் சர்வீஸ் முழுக்க ஒரு பிள்ளையின் கயிற்றையும் நான் வெட்டியதில்லை. யார் கட்டினது என்று கேட்டு, அவன் கையாலேயே அவிழ்க்கச் சொல்வேன். எந்த வீடியோவும் எனக்கு இதைத் தந்திருக்காது. அன்று அந்தப் பெரியவர் பக்கத்தில் இருந்ததால் கற்றுக்கொண்டேன்.

2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டில் அரசு சிறார் இல்லத்தில் இருந்த 17 வயதுப் பையன் இறந்ததும், இல்லப் பணியாளர்கள் கைதானதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது, 2023-இல் அறிக்கையும் வந்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பயிற்சி இல்லாத ஆளிடம் சாவியைக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஆன்லைன் வகுப்பு இருக்கட்டும். ஆனால் அது தமிழில் இருக்க வேண்டும், சம்பளம் கிடைக்கிற வேலை நாளில் நடக்க வேண்டும். பெங்களூருவில் உள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸின் சம்வாத் அமைப்பு குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்களுக்கு இணைய வழியில் வகுப்பு நடத்துகிறது. ஒரு சம்பவத்தைச் சொல்லி, நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று ஆளுக்கு ஆள் பேசவைக்கிற வகுப்பாக நம் புதுப் பணியாளர்களுக்கும் வேண்டும். அப்புறம் முக்கியமானது: சான்றிதழ் வாங்கிய கையோடு புதிய ஆளைத் தனியாக ராத்திரி டியூட்டியில் விடக் கூடாது. குறைந்தது ஒரு மாதமாவது பழைய ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும். அமெரிக்காவில் பூட்டி வைக்கும் சிறார் இல்லங்களில் பகலில் 8 பிள்ளைகளுக்கு ஒருவர், தூங்கும் நேரத்தில் 16 பிள்ளைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று அரசு விதியே உண்டு. நாமும் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அதன்படி ஆள் எடுக்கலாமே.

இன்னொன்றும் அந்த வகுப்பில் சேர்க்க வேண்டும். கொல்லங்கோட்டிலிருந்தோ குளச்சலிலிருந்தோ ஒரு தாய், மகனைப் பார்க்க ஒருநாள் கூலியை விட்டுவிட்டு நெல்லைக்குப் பஸ் ஏறுகிறாள். நாகர்கோவிலிலிருந்தே ஏறக்குறைய 80 கிலோமீட்டர். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) அவித்து எடுத்து வந்திருப்பாள். கேட்டில் அவளை முதலில் பார்ப்பது புதிதாகச் சேர்ந்த ஒரு பையனாகத்தான் இருக்கும். வெளிச் சாப்பாட்டை உள்ளே விட முடியாது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது, அவளை எங்கே உட்காரவைப்பது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பையன் இந்த வாரமும் ராத்திரி டியூட்டிதான். சுவரைப் பார்த்து இருந்தவன் இப்போது சாப்பிடுகிறானாம், கேரம் விளையாடுகிறானாம். துணைக்கு ஆள் போட்டார்களா என்று கேட்டேன். இன்னும் இல்லை மாமா என்றான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இல்லக் காப்பாளர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்