வாயு என்று பெயர் வைக்கும் முன்

பாபநாசம்,
ஐப்பசி 14

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. தீபாவளிக்கு வந்த மகனும் மருமகளும் பேத்தியைப் பத்து நாள் உன்னிடம் விட்டுச் சென்றிருப்பதையும், உன் வீட்டுக்கார அண்ணன் இந்த ஆண்டு மூன்று மா நிலத்தில் தாமே நின்று சம்பா நடவு செய்ததையும் படித்து மகிழ்ந்தேன். இங்கே மூன்று நாளாக மழை விடவில்லை; குடமுருட்டி கரை நிரம்பி ஓடுகிறது. மன்னார்குடிப் பக்கமும் வயலெல்லாம் தண்ணீர் நிற்கிறது என்று எழுதியிருக்கிறாய்.

வீட்டில் என்னென்ன மருந்து வாங்கி வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். அதைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன், உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் நீ போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரியைப் பற்றிப் பேச வேண்டும். "அவருக்கு வரப்பில் வேகமாக நடந்தால் நெஞ்சில் வாயு பிடிக்கிறது, சற்று உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது, ஓமத் தண்ணீர் கொடுத்து வருகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் நான்கு முறை படித்தேன்.

என் தம்பி போன செய்தி உனக்குத் தெரியும். எப்படிப் போனான் என்பதை நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. அன்று இரவு பதினொரு மணிக்கு அவன் மனைவி என்னைத் தொலைபேசியில் அழைத்து, "வாயு பிடித்துக்கொண்டது அண்ணி, வேர்த்துக் கொட்டுகிறது, என்ன கொடுக்கலாம்" என்று கேட்டாள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்த நான், மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடு, காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். வேர்க்கிறது என்ற சொல் என் காதில் விழுந்தது. ஆனால் வாயு என்ற சொல் அதற்கு முன்பே விழுந்துவிட்டதால், மற்றதை நான் எடைபோடவில்லை. விடியும்போது அவன் இல்லை. இதைப் பிறர் அறிய எழுதுவதில் எனக்குத் தயக்கம் இருந்தது. உன் வரியைப் படித்த பிறகு அந்தத் தயக்கம் போய்விட்டது.

நம் ஊரில் நோவுகளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களில் பெரும்பாலானவை நல்ல பெயர்கள். பல தலைமுறைகள் உடம்பைக் கவனித்து வைத்தவை. ஆனால் வாயு, சூடு, குளிர்ச்சி என்ற மூன்று பெயர்களும் மிக அகலமானவை. ஒவ்வொன்றின் கீழும் தானே ஆறிவிடும் தொல்லையும் உயிரைக் கொண்டுபோகும் நோயும் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. பெயர் வைத்தவுடன் நமக்கு நோயைத் தெரிந்துகொண்ட நிறைவு வந்துவிடுகிறது, அதற்கு மேல் நாம் கேட்பதில்லை. சாதாரண நோவுக்கு மருந்து கொடுப்பது கடினமன்று. அது சாதாரண நோவுதானா என்று பார்ப்பதுதான் வேலை.

வயிற்றில் வாயு சேர்ந்து வரும் வலி பெரும்பாலும் சாப்பாட்டைப் பொறுத்து வரும், நடையைப் பொறுத்து வராது. நடந்தால் வந்து, நின்றால் விடுகிற நெஞ்சுப் பிடிப்பு இதயத்துக்கு இரத்தம் போதவில்லை என்பதன் அடையாளமாக இருக்கக்கூடும். அது மாரடைப்புக்கு முன் கிடைக்கும் எச்சரிக்கை. நெஞ்சின் நடுவே கல்லை வைத்து அழுத்துவது போன்ற வலி, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, குளிர்ந்த வேர்வை, குமட்டல், மூச்சு வாங்குவது ஆகியவை சேர்ந்து வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காதே, 108-ஐ அழைத்துவிடு. ஏப்பம் விட்டதும் சற்றுத் தணிந்தது என்பதை நம்பிவிடாதே. அண்ணனுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் அசதியும் மூச்சுத் திணறலுமாகவே மாரடைப்பு வருவதுண்டு. 2023-ஆம் ஆண்டு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் உள்ளிட்ட முதல் மருந்துகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். என் தம்பி வீட்டிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் இரண்டு கிலோமீட்டர்தான்.

ஆகவே, இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே அண்ணனை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, "நடந்தால் பிடிக்கிறது, உட்கார்ந்தால் விடுகிறது" என்று இதே சொற்களில் சொல். வாயு என்று சொல்லாதே. படுத்திருக்கும்போது எடுத்த இ.சி.ஜி. நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாலும், நடக்கவைத்துப் பார்க்கும் சோதனை தேவையா என்று கேட்டுவிட்டு வா. அதுவரை அவர் வரப்பில் ஏறவேண்டாம்.

இனி பேத்தியின் வயிற்றுப்போக்கு. சூட்டினால் போகிறது என்று பால், சோறு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் மாதுளம்பழச் சாறு கொடுப்பதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். பேதியாகும் குழந்தையைக் கொல்வது பேதியன்று, அதோடு வெளியேறும் நீரும் உப்பும்தான். அவற்றைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலான பேதி சில நாளில் தானே நிற்கும். 1971-ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையோர அகதி முகாமில் காலரா பரவியபோது, நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோசும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரை நோயாளிகளின் உறவினர்களையே கொடுக்கச் செய்தார்; நூற்றுக்கு முப்பது பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் அது நான்குக்கும் கீழே இறங்கியது. அந்தத் தண்ணீரின் வழிவந்ததுதான் இன்று துணை சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்.

ஒரு பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு தம்ளரில் சிட்டிகை போட்டுக் கரைப்பதை நான் வீடு வீடாகப் பார்த்துத் திருத்தியிருக்கிறேன், ஏனென்றால் அளவு தப்பினால் அதுவே கெடுதல். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு மீதியைக் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் கையில் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். மூன்று வயதுக் குழந்தைக்கு ஒவ்வொரு முறை போனதும் 100 முதல் 200 மில்லி வரை கொடு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகக் கொடு. குழைந்த சோறும் தயிரும் இட்லியும் தாராளமாகக் கொடுக்கலாம். அதோடு துத்தநாக (ஜிங்க்) மாத்திரை, நாள்தோறும் 20 மில்லிகிராம் வீதம் பதினான்கு நாள், பேதி நின்ற பிறகும் விடாமல். கண் உள்வாங்கியிருந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் அது மெல்லத் திரும்பினால், மலத்தில் இரத்தம் கண்டால், குழந்தை குடிக்க மறுத்துத் துவண்டால், உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடு.

உங்கள் தெருவில் காய்ச்சல் பரவியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். இந்த மழைக்காலத்தில் டெல்டாவின் காய்ச்சல் ஒரே காய்ச்சலன்று. டெங்குவில் உடல்வலியும் கண்ணுக்குப் பின்னே வலியும் இருக்கும். அதில் பலர் ஏமாறும் இடம், காய்ச்சல் இறங்கும் நாள். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே காய்ச்சல் விட்டதும் தேறிவிட்டார் என்று எண்ணுகிறோம். ஆபத்து தொடங்குவதும் அப்போதுதான். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது கண்டாலும் அன்றே காட்ட வேண்டும். டெங்குக் காலத்தில் காய்ச்சலுக்கு ஆஸ்பிரினோ இப்யூபுரோஃபெனோ கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும் போதும். நிலவேம்புக் குடிநீர் குடிப்பதில் எனக்கு மறுப்பில்லை, நானும் குடிக்கிறேன். ஆனால் அதைக் குடித்தோம் என்பதற்காக காய்ச்சல் விடும் அந்த நாள்களின் கண்காணிப்பைக் கைவிடக் கூடாது.

சேற்றில் இறங்கியவருக்குக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். வயல் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து, காலில் உள்ள வெடிப்பு வழியாக அந்தக் கிருமி உள்ளே போகிறது. கெண்டைக்கால் சதை தொட முடியாதபடி வலிக்கும், கண் சிவக்கும். விட்டுவிட்டால் மஞ்சள் காமாலையும் சிறுநீரகக் கேடும் வரும், தொடக்கத்திலேயே பிடித்தால் எளிய மருந்திலேயே அடங்கும். உண்ணிக்காய்ச்சல் என்று இன்னொன்று உண்டு. அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருத்துவரிடம் போகும்போது, "வயலில் இறங்கினார்" என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீயாகச் சொல்.

அண்ணனின் சேற்றுப்புண்ணை நீ சிறிய விஷயமாக எழுதியிருந்தாலும், சர்க்கரை உள்ள காலில் அது சிறியதன்று. வயலிலிருந்து வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்குகளைப் பழைய பருத்தித் துணியால் நன்றாகத் துடைத்து உலரவிட வேண்டும். இதுதான் பாதி மருத்துவம். பிறகு பூஞ்சையைக் கொல்லும் குளோட்ரிமசோல் களிம்பை நாளுக்கு இருமுறை, புண் ஆறிய பிறகும் இரண்டு வாரம் தடவ வேண்டும். கடையில் கேட்காமலே கொடுக்கும், நான்கு மருந்து கலந்த களிம்பை வாங்காதே. அதில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சையோ அடியில் பரவும். புண் சீழ் வைத்தாலும் கால் வீங்கினாலும் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம்.

உன் நீர்க்கடுப்பையும் சூடு என்றே எழுதியிருக்கிறாய். தண்ணீர் நிறையக் குடி, சிறுநீரை அடக்காதே. இரண்டு நாளில் அடங்காவிட்டால் சிறுநீரைச் சோதித்துப் பார். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாவில் வலியும் வந்தால் அன்றே போ. இந்த ஆண்டில் இது மூன்றாவது முறை என்கிறாய், ஆகவே உன் சர்க்கரையையும் பார்த்துவிடு. பக்கத்து வீட்டுப் பெரியவரின் இருமல் ஒரு மாதமாக நிற்கவில்லை என்றாயே, இரண்டு வாரம் கடந்த இருமலுக்குச் சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். அவரையும் கூட அழைத்துப் போ. சளிக்கு ஆவி பிடிப்பதும் சுக்குக் காப்பியும் நல்லதுதான்; கொதிக்கும் பானை பேத்தியின் பக்கம் வராமல் பார்த்துக்கொள்.

நீ கேட்ட பட்டியல் மிகச் சிறியது. டிஜிட்டல் வெப்பமானி ஒன்று, 100.4 பாரன்ஹீட்டைத் தாண்டினால்தான் காய்ச்சல், தொட்டுப் பார்த்துச் சொல்லாதே. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு, துத்தநாக மாத்திரை, பாராசிட்டமால், குளோட்ரிமசோல், சுத்தமான கட்டுத்துணி. பேத்திக்குப் பாராசிட்டமால் மருந்து வாங்கும்போது புட்டியில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராமா, 250 மில்லிகிராமா என்று படித்துப் பார். இரண்டும் கடையில் ஒன்றுபோலவே இருக்கும். வயதை வைத்துக் கொடுக்காமல், கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று எடையை வைத்துக் கணக்கிட்டு, ஆறு மணி நேர இடைவெளியில் கொடு. போன தடவை மீந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் இருந்தால் அவற்றைப் பெட்டியில் வைக்காதே; சளிக்காய்ச்சலுக்கு அவை பயன்படா.

அடுத்த புதன்கிழமை மழை குறைந்தால் காலைப் பேருந்தில் வருகிறேன். அண்ணனின் சர்க்கரைச் சீட்டு, இரத்த அழுத்தம் பார்த்த குறிப்பு, புதிதாக எடுக்கும் இ.சி.ஜி. ஆகிய எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வை. நான் வந்து பார்க்கிறேன். ஆனால் நான் வரும்வரை மருத்துவரிடம் போவதைத் தள்ளிவைக்காதே.

உன் அன்புத் தோழி