மூன்று இலை எண்ணி வெட்டினேன்

கென்ட், இங்கிலாந்து
ஆகஸ்ட் 24

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் நலம். ராசு வீட்டுப் பத்திரிகை வந்தது, மொய் அனுப்பிவிட்டேன்.

சித்திரையில் உன் அப்பா காரியத்துக்கு வர முடியாமல் போனதிலிருந்து உனக்கு எழுதக் கை வரவில்லை. போனில் பேசிய பத்து நிமிடம் எந்த மூலைக்கு? மன்னித்துவிடு.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஆப்பிள் மரம். பின்சுவரை ஒட்டி, மூன்று வரிசைக் கம்பியில் கை விரித்து நிற்கிறது என்று சொன்னேனே, அதுதான். எஸ்பாலியர் என்பார்கள். மூன்று வருடமாக ஜனவரியில் ஒட்ட வெட்டினேன். கோடையில் குச்சிதான் சாட்டை சாட்டையாகக் கிளம்பியதே தவிர, போன வருடம் மொத்தமே ஏழு காய். இலையுதிர்ந்து தூங்கும் மரத்தை வெட்டினால், சேர்த்துவைத்த சத்தெல்லாம் மிஞ்சிய நாலு மொட்டில் பாய்கிறது. கோடைக் கடைசியில் வெட்டினால் அந்த வேகம் அடங்கும். காய்க்கு வெயில் கிடைக்கும், அடிமொட்டு அடுத்த வருடப் பூவாகத் திரளும்.

அதனால் இம்முறை பொறுத்திருந்தேன். பேரி மரத்தை ஜூலைக் கடைசியில் வெட்டி முடித்தேன். ஆப்பிளில் புதுக்குச்சியின் அடிப்பக்கம் விறைத்து மரமாகும்வரை கத்தரியைத் தொடவில்லை. போன சனிக்கிழமைதான் வெட்டினேன். கிளையிலிருந்து நேராக வந்த குச்சி ஒரு சாணுக்கு மேல் இருந்தால், அதன் அடியில் நெருக்கமாக இருக்கும் இலைக்கொத்தை விட்டு, அதற்கு மேல் மூன்று இலை எண்ணி வெட்ட வேண்டும். பழைய பக்கக்குச்சியில் துளிர்த்ததற்கு ஒரே இலை. ஒரு சாணுக்குக் குறைந்ததைத் தொடவே கூடாது, அதன் நுனியில்தான் பெரும்பாலும் பூமொட்டு இருக்கும். செப்டம்பரில் மறுபடி துளிர்த்தால் அதையும் எடுக்க வேண்டும்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். சட்டென்று அப்பா குரல். "கண்ணை எண்ணி வெட்டுங்கடா!" கம்பத்தில் உங்கள் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே, லீவு நாளில், கொடியில் நாலு கண், அதாவது நாலு மொட்டு, விட்டு வெட்டச் சொல்வார். நீ ஏழு விட்டுக் குட்டு வாங்குவாய். மூன்றாம் வகுப்புக் கணக்கே உனக்கு அப்படித்தானே! அன்று அவர் சொன்னது எனக்கு இத்தனை வருடம் கழித்து, இந்தச் சுவரோரத்தில்தான் புரிந்தது. அழுதுவிட்டேன்டா.

இந்த வருடம் பதினொரு காய். இன்று காலை வெயில் முதல் தடவையாக அவற்றின் மேல் நேரே விழுந்தது.

அப்புறம், பந்தலைப் பிரித்துவிடலாம் என்று போனில் சொன்னாயே, அதுதான் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டுப்படியாகவில்லை, எல்லாம் சரி. ஆனாலும் அவசரப்பட்டுக் கல்தூணில் கை வைக்காதே. ஜனவரியில் இனி எனக்கு இங்கே பெரிய வெட்டுவேலை இல்லை. பொங்கலுக்கு வருகிறேன். அப்பாவின் கத்தரியைச் சாணை பிடித்து வை.

உன்
சேகர்